"எங்கள் கடனாளிகளுக்கு" என்ற இடத்தில் நின்றுபோன ஜெபம்

பனைவிளை | அட்வென்ட் முதல் ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் தோத்திரம். இந்த இணையக் குழுவில் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு. இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வருகிற அட்வென்ட் காலத்தில் வளையம் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் முன்பு கிடையாது. மகள் ஹாஸ்டலில் பழகிக்கொண்டு வந்தாள். பித்தளைத் தாம்பாளத்தில் சவுக்கு இலையைச் சுற்றிவைத்து நாலு மெழுகுதிரி நட்டிருந்தாள். சாயங்காலம் முதல் திரியைக் கொளுத்தி, "இது நம்பிக்கைக்கான திரிம்மா, நீங்க பரமண்டல ஜெபம் சொல்லுங்க" என்றாள். இயேசு கற்றுக்கொடுத்தது, நான் ஐம்பது வருடமாகச் சொல்கிற ஜெபம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, தொண்டை அப்படியே அடைத்துக்கொண்டது. மெழுகு உருகித் தாம்பாளத்தில் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. மகளே மீதியைச் சொல்லி முடித்தாள்.

விஷயம் இதுதான். அப்பா பெயரில் மெய்ஞ்ஞானபுரம் பக்கம் 42 சென்ட் விளை. பனையும் கொஞ்சம் முருங்கையும். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அண்ணன் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டான். அடக்கம் முடிந்த ஏழாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா அடக்கத்துக்குப் போனபோதும் கல்லறையில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

நாலு திரிக்கும் பேர் இருக்கிறது: நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு. மன்னிப்புக்கென்று ஒரு திரி இல்லை. ஆனால் அது இல்லாமல் மற்ற நாலையும் கொளுத்த முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் நான் என்ன செய்வது? மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஜெபமே எனக்கு எதிராக நிற்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

எழுப்புதல் | திங்கள், காலை 6.05

சகோதரி, நாங்கள் அட்வென்ட் ஆசரிப்பதில்லை. வசனம் ஒன்றுதான். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." இன்றைக்கே போன் செய்யுங்கள். உணர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தால் சத்துரு இடம் பிடித்துக்கொள்வான். கீழ்ப்படிதல் முதலில், உணர்வு பிறகு. உங்களுக்காக அதிகாலை ஜெபத்தில் ஜெபித்தேன்.

மறைக்கல்வி | திங்கள், மதியம் 1.20

பனைவிளை அக்கா, ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? நீங்கள் சொல்லும் ஜெபத்தில் "மன்னிக்கிறதுபோல" என்று வருகிறது. கத்தோலிக்கராகிய நாங்கள் அதே ஜெபத்தை, "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்கிறோம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் "பொறுப்பதுன்னா என்ன டீச்சர்?" என்று கேட்காத வருடம் இல்லை.

மன்னிப்பு என்றால் கணக்கை அடித்துவிடுவது. அது ஒரு நொடியில் நடந்து முடிகிற காரியம்போல ஒலிக்கிறது. பொறுப்பது அப்படியில்லை. சுமையைத் தோளில் தாங்குவதும் பொறுப்பதுதான். வலி இருக்கும், கனமும் தெரியும், ஆனாலும் கீழே போட்டு அடுத்தவன் காலை நசுக்காமல் வைத்திருக்கிறோம். கடனாளி என்ற சொல்லும் உண்மையான சொல்தான், உங்கள் அண்ணன் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஆனால் கடனை அடிக்க இன்னும் கை வராத நாளில், பொறுப்பதைத் தொடங்கலாம். ஆறு வருடமாக அண்ணனைப் பற்றி ஊரில் இழிவாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருப்பீர்கள் என்று உங்கள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாதி ஜெபத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.

எழுப்புதல் சகோதரருக்கு: நீங்கள் காட்டிய வசனத்துக்கு முந்தைய வரியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. அண்ணன் மேல் அக்காவுக்கு இருக்கும் குறையைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. அக்கா மேல் அண்ணனுக்குக் குறை இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறது. அக்காவின் கேள்வி வேறு, இந்த வசனம் வேறு.

எழுப்புதல் | திங்கள், இரவு 9.15

நீங்கள் சொல்வது சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன். வசனத்தை மறுபடியும் நிதானமாக வாசித்தேன்.

சட்டம் படித்தவன் | செவ்வாய், காலை 11.00

மன்னிப்பு என்ற பேச்சு வந்தாலே எனக்கு ஒரு பயம். கோர்ட்டு வராந்தாவில் எத்தனையோ பெண்கள், "சபையில் போதகர் ஐயர் மன்னிக்கச் சொன்னார், அதனால் கேஸை வாபஸ் வாங்குறேன் சார்" என்று வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பனைவிளை அம்மா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உங்கள் வழக்கில் அந்தப் பத்திரம் செல்லுமா என்பதே கேள்வி. அதை நீதிமன்றம் சொல்லட்டும்.

மன்னித்தால் நீதியை விட வேண்டும் என்பவர்கள் கிளாடிஸ் ஸ்டெயின்ஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமொத்தி என்ற இரண்டு மகன்களையும் ஜீப்பில் தூங்கும்போது எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அந்த அம்மா சொன்னது உலகத்துக்கே தெரியும். அப்புறம் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. வழக்கு நடந்தது. 2003ல் முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு, பின்பு உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தன் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். பாரிபடாவில் தொழுநோயாளர் இல்லத்தை விட்டு உடனே ஓடவும் இல்லை. இன்னும் சில வருடம் அங்கேயே தங்கி வேலை செய்தார்.

எனவே கேஸ் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். மனசு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். இரண்டும் ஒரே பஸ்ஸில் போக வேண்டியதில்லை.

தூண்டில்காரன் | புதன், இரவு 11.50

நான் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். இந்தப் பேச்சில் சேரலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் அட்வென்ட் என்றாலே 2017தான்.

நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. எங்கள் ஆட்கள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள், ஒருமுறை போனால் பல நாள் கழித்துத்தான் கரை. புயல் வரும் செய்தி ஆழ்கடலில் கிடந்த போட்டுகளுக்குப் போய்ச் சேரவில்லை. இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை எட்டு ஊர், எந்த ஊரிலும் அழுகை ஓயவில்லை. டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின், அதாவது அட்வென்ட்டின், முதல் ஞாயிறு. புயல் போய் மூன்றாம் நாள். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் பாதி காலி. ஃபாதர் முதல் திரியைக் கொளுத்தப் போனார், கை நடுங்கித் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துவிட்டது. மூன்றாவது தடவை முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி எழுந்துபோய்த் தன் கையால் காற்றை மறைத்துப் பிடித்தாள். அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் கடலில். அந்தத் திரி அப்படித்தான் பற்றியது.

எங்கள் கத்தோலிக்கப் பைபிளில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மூன்று வரும். மற்ற சபைக்காரர்கள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்கிறார்கள். எதிர்நோக்கு என்ற சொல் சின்ன வயதில் எனக்குச் செயற்கையாகப்பட்டது, யாரும் பேச்சில் சொல்லாத சொல். அந்த டிசம்பரில்தான் புரிந்தது. கரையில் பெண்கள் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரியும் பகலும். எதிர்நோக்கு என்றால் அதுதான். என் மாமா மகள் காணாமல்போன தன் வீட்டுக்காரர் நம்பருக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்தாள். கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்றுதான் வரும். நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்பாள். எட்டு மாதம் செய்தாள்.

பல உடல்கள் வரவே இல்லை. வெறும் கல்லறைக்கு எப்படிப் பூசை வைப்பது என்ற கேள்வியெல்லாம் எங்களுக்கு வந்தது. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். தேடுங்கள் என்று கேட்கத்தான் போனோம். அந்த வருடம் எங்கள் தெருவில் ஸ்டார் தொங்கவில்லை. குடிலும் பெரிதாக இல்லை.

அக்கா, உங்களுக்கு மன்னிக்க வேண்டிய ஆள் யார் என்று தெரியும். எங்களுக்கு அதுவே தெரியவில்லை. கடலையா? காற்றையா? செய்தி சேர்க்காதவர்களையா? பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை ஃபாதர், ஆனால் கோபம் போகவில்லை." அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கோபத்தையே காணிக்கையாகக் கொண்டுவா, வேறு எதுவும் இப்போது உன்னிடம் இல்லையே" என்றார். பாவப் பரிகாரமாக ஒன்று சொன்னார்: தினமும் மாலை ஒரு வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வா, ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்த டிசம்பர் முழுக்க அதைச் செய்தேன். எனக்கு இன்னும் எல்லாம் தெளியவில்லை. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பனைவிளை | வியாழன், காலை 5.30

தூண்டில்காரன் தம்பி, வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அசையாமல் இருந்தேன். 42 சென்டுக்கு நான் ஆறு வருடம் அழுதிருக்கிறேன். உங்கள் மாமா மகளை ஆண்டவர் தாங்கட்டும்.

தூண்டில்காரன் | வியாழன், காலை 8.10

அப்படி ஒப்பிட வேண்டாம் அக்கா. உங்கள் வலி உங்கள் வலிதான். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். மகன் ஒன்பதாம் வகுப்பு.

ஓய்வுபெற்ற சேகரகுரு | வெள்ளி, மாலை 4.45

தம்பி எழுதிய "இருட்டில் உட்கார்ந்திருப்பவர்" என்ற வார்த்தையை வாசித்ததும் லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்தேன். ஒளியும் பாவமன்னிப்பும் ஒரே மூச்சில் வருகிற இடம் அது. சகரியாவின் பாட்டு. காலை ஆராதனையில் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்.

சகரியா யார்? தேவதூதன் சொன்னதை நம்பாததால் ஊமையாய்ப்போன ஆசாரியன். அந்த நாள் தொடங்கி, மனைவி எலிசபெத்து கர்ப்பமாகிப் பெற்ற குழந்தைக்கு விருத்தசேதனம் செய்கிற எட்டாம் நாள் வரைக்கும் வீட்டுக்குள் பேச்சில்லை. எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி "இவன் பேர் யோவான்" என்று எழுதிய பிறகுதான் நாவு கட்டவிழ்கிறது. அத்தனை மாத மௌனத்துக்குப் பிறகு அந்த மனிதன் வாயிலிருந்து வந்த பாட்டில்தான் பாவமன்னிப்பாகிய இரட்சிப்பு என்ற சொல் வருகிறது. அடுத்தாற்போலவே, "அந்தகாரத்திலும் மரண இருளிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெளிச்சம் தரவும்" என்கிறான்.

உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. ஏசாயா 9ல் இருளில் நடக்கிற ஜனங்கள் என்று வரும். நடக்கிறவனுக்கு ஏதோ வழி தெரிகிறது, அல்லது வழி தேடுகிற தெம்பாவது இருக்கிறது. உட்கார்ந்துவிட்டவனுக்கு அதுவும் இல்லை. வெளிச்சம் அவன் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும். அதனால்தான் இது வருகையின் காலம். வருகிறவர் அவர்.

மகளே பனைவிளை, நீ எழுந்து நடந்து மன்னிப்பு என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரி கொளுத்த வேண்டும் என்று நினைக்கிறாய். திரியைக் கொளுத்து. ஜெபம் நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திரு. சகரியாவைவிட நீ அதிகம் பேசாமல் இருந்திருக்கிறாய், ஆறு வருடம். உன் நாவும் கட்டவிழும். முப்பத்தைந்து வருட ஊழியத்தில் நான் மிக வருத்தப்படுகிற ஒரு காரியம், படுக்கையில் கிடந்த ஒரு மனிதரை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தியது. அவர் "சரி ஐயரே" என்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மிட்லண்ட்ஸ் செவிலி | இரண்டாம் ஞாயிறு, இரவு (இங்கே மாலை 6)

நான் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வேலை பார்க்கிறேன். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்தால் சூரியனையே பார்க்காத நாட்கள் உண்டு. இன்று இரண்டாம் திரி ஏற்றுகிற ஆராதனைக்குப் பேராலயம் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

பழைய பேராலயத்துக்குக் கூரை கிடையாது. செம்மணற்கல் சுவர்களும் கோபுரமும் மட்டும் நிற்கின்றன. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் விடிய விடியக் குண்டு போட்டன. அந்த ஒரே இரவில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கூட்டம் கூட்டமாகத்தான் புதைக்க முடிந்தது. கோயில் எரிந்து இறங்கியது. பிறகு இடிபாட்டில் ஜாக் ஃபோர்ப்ஸ் என்ற கல்தச்சர் கரிந்த இரண்டு உத்திரங்களைச் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு சிறிய சிலுவையும் செய்தார்கள்.

அந்த வருட அட்வென்ட், குண்டு விழுந்து இரண்டு வாரத்தில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்று பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் இடிபாட்டிலிருந்து பிபிசி வானொலியில் பேசினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லை இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன். பழிவாங்கும் எண்ணத்தை விரட்டிவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு கடினமாக இருந்தாலும் விரட்ட முயல்கிறோம் என்றார். முயல்கிறோம்! ஆறு வாரத்துக்கு முன் ஊரே எரிந்திருக்கிறது. தேசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு குரு உண்மையை அளந்து பேசியிருக்கிறார். அதைக் கேட்டு எத்தனை பேர் கோபப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் இரண்டு சொல் பொறித்தார்கள். தமிழில் சொன்னால், "பிதாவே, மன்னியும்." அவ்வளவுதான். ஆண்டவர் சிலுவையில் சொன்னது "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." சுவரில் "இவர்களுக்கு" இல்லை. முதல் தடவை பார்த்தபோது கல்லில் இடம் போதவில்லையோ என்று நினைத்தேன். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். குண்டு போட்டவனுக்கு மட்டும் மன்னிப்பு வேண்டும், எனக்கு வேண்டாம் என்று யாரும் அந்தச் சுவருக்கு முன் நிற்க முடியாது. 1958லிருந்து ஒப்புரவு மன்றாட்டு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் அந்த இடிபாட்டில் நின்று சொல்வார்கள். பேராசை, பொறாமை, அலட்சியம் என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் "பிதாவே, மன்னியும்." ஒரு வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த வயதான தம்பதியர் நின்றார்கள். மழை தூறியது, குடை பிடிக்காமல் நின்றார்கள். நானும் குடையை மடக்கிவிட்டேன்.

அக்கா, உங்கள் ஜெபம் "கடனாளிகளுக்கு" என்ற இடத்தில் நின்றுவிட்டது என்றீர்கள். அந்தச் சுவரில் உள்ள அளவு சொல்லிப் பாருங்களேன். யாருக்கு என்பதை விட்டுவிடுங்கள்.

மறைக்கல்வி | திங்கள், காலை 10.30

இந்த ஊர்ப்பெயரை இவ்வளவு நாள் கேள்விப்பட்டதோடு சரி. நன்றி தங்கச்சி. குண்டு போட்டவர்கள் ஊரிலும் அதே இருட்டு இருந்தது. ஆல்பிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு ஹிட்லருக்கு எதிரானவர் என்று 1944 ஜூலையில் கைதானார். டிசம்பரில் பெர்லின் டேகல் சிறையில் கையில் விலங்கோடு திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். துணிமூட்டைக்குள் வைத்து அவற்றை வெளியே கடத்தினார்கள். மனிதன் உலுக்கப்படுகிற காலம் இது என்பது அவருடைய எண்ணம். எங்கள் வகுப்பில் திருவருகைக் காலம் என்றால் குடில் கட்டுகிற காலம், நட்சத்திரம் ஒட்டுகிற காலம் என்றே சொல்லிக்கொடுத்து வந்தேன். அவரைப் படித்த பிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். அவரைத் தூக்கிலிட்டது 1945 பிப்ரவரி 2. கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கிற ஆண்டவரின் காணிக்கைத் திருநாள் அது.

பனைவிளை | இரண்டாம் வாரம், வியாழன், இரவு 9.00

மறைக்கல்வி டீச்சர் காட்டிய அந்த முந்தைய வரி என்னை விடவில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று." ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத்தானே அநியாயம் நடந்தது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். அப்பா பதினாலு மாதம் படுக்கையில் கிடந்தார். நான் சென்னையிலிருந்து மூன்று தடவை போனேன். பணம் அனுப்பினேன், அது உண்மை. ஆனால் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது மதினி. ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்கவைத்தது அண்ணன். கடைசியாக நான் போனபோது அறை வாசலில் நின்று மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டேன். மதினி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இத்தனை வருடமும் எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது, நேற்றுத்தான் வெளியே வந்தது.

இதனால் அந்தப் பத்திரம் நியாயம் ஆகிவிடாது, தெரியும். சட்டம் படித்தவன் தம்பி, கேஸை வாபஸ் வாங்கவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் இன்று காலையில் "பிதாவே, மன்னியும்" என்று சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அதற்கு மேல் வாய் வந்தது. முழு ஜெபத்தையும் சொன்னேன்.

எழுப்புதல் | வெள்ளி, காலை 5.50

கண்ணீரோடு வாசித்தேன் சகோதரி. உடனே போன் செய்யச் சொன்னவன் நான். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆவியானவர் உங்களோடு நடக்கும் வேகத்தில் நடங்கள்.

சட்டம் படித்தவன் | வெள்ளி, காலை 10.15

பயம் போய்விட்டது அம்மா. ஒன்று மட்டும். நீங்கள் அண்ணனோடு பேசினால் நிலத்தைப் பற்றிப் போனில் எந்த உறுதியும் தர வேண்டாம். அவரும் தர வேண்டியதில்லை. அதற்கு இடம் வேறு இருக்கிறது. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசும் வழியும் உண்டு, உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அண்ணன் தங்கையாக மட்டும் பேசுங்கள்.

ஓய்வுபெற்ற சேகரகுரு | மூன்றாம் ஞாயிறு, மாலை 7.00

இன்று ஆராதனையில் யோவான் 1:5 வாசித்தோம். "அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை." கத்தோலிக்க நண்பர்களின் பைபிளில் "இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை" என்று இருக்கும். மூல மொழிச் சொல்லுக்குப் பிடித்துக்கொள்வது, புரிந்துகொள்வது, மேற்கொள்வது எல்லாப் பொருளும் உண்டு. எனக்குப் "பற்றிக்கொள்ளவில்லை" என்பதே பிடிக்கும். பனைவிளை மகளின் தாம்பாளத்தில் இன்று மூன்று திரி பற்றியிருக்கும். இருட்டு வந்து கையை நீட்டி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, முடியவில்லை. வீட்டில் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் லைட்டை அணைத்துவிட்டுத் திரிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், "சுடுது தாத்தா, அதான் இருட்டால பிடிக்க முடியல" என்றாள்.

தூண்டில்காரன் | மூன்றாம் வாரம், செவ்வாய், இரவு 10.00

எங்கள் தெருவில் இன்று ஸ்டார் கட்டினோம். கரைப்பக்கம் கடைசி வீட்டுக்கு நான்தான் ஏணி பிடித்தேன். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மேற்கு பார்த்துக் கட்டச் சொன்னார் அந்த வீட்டு அம்மா. அக்காவிடமிருந்து செய்தி இல்லையே?

பனைவிளை | நாலாம் ஞாயிறு, இரவு 10.20

மன்னிக்கவும், நாலைந்து நாளாக உள்ளே வரவில்லை.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன். நம்பரை அழுத்திவிட்டு ஒரு ரிங் போனதும் கட் செய்துவிட்டேன். உடனே அங்கிருந்து திரும்ப வந்தது. எடுத்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. பின்னால் சபையில் கேரல் பாட்டுப் பயிற்சி நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அண்ணன், "அங்க மழையா?" என்றான். "ஆமா, மூணு நாளா" என்றேன். இங்கேயும் மழை என்றான். கிணற்றோரப் பனை ஒன்று இடி விழுந்து கருகிவிட்டதாம். அப்பா ஏறிய மரம். பதநீர் நல்லா இறங்கும் மரம் என்றான், தெரியும் என்றேன்.

"அப்பாவுக்கு மருந்து போட்டது நீங்க ரெண்டு பேரும்தான் அண்ணே. நான் வாசல்ல நின்னேன். மதினிகிட்ட சொல்லு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. அதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. விளையைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. பத்திரத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது, மறைக்கவில்லை.

போனை வைக்கப் போகும்போது, "ஜனவரி வாய்தாவுக்கு வருவேல்லா?" என்று கேட்டான். வருவேன் என்றேன். "போன தடவை லாட்ஜில தங்குனியாமே. மதினி கேக்கச் சொன்னா, வீட்டுல தங்குவியான்னு" என்றான்.

அம்மா படுத்த கட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, கயிறு மட்டும் மாற்ற வேண்டும் என்றான். மாற்றி வைக்கச் சொன்னேன்.